சொன்னவர் சங்கையா, சேகரித்தவர் நாச்சியார்

"மேடம், உங்க தலைப்புக் கதை உங்க சொந்தக் கதை இல்ல போலிருக்கே" என்று பதிப்பாளர் கிளாட்வின் போனில் சொன்னபோது நான் சத்திரப்பட்டி பேண்டேஜ் கம்பெனியில் துணி மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் போன், மறு கையில் இழை எண்ணும் கண்ணாடி. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பெண்கள் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மட்டும் இல்லையென்றால் கண்ணாடியைச் சுவரில் விட்டெறிந்திருப்பேன்.

அது என் முதல் புத்தகம். பதினோரு மாயக்கதைகள். ஆறு தொகுப்புகளுக்கு ஒவ்வொரு கதையாகக் கொடுத்துக் கொடுத்து, நாற்பத்திரண்டு வயதில், அட்டையில் என் பெயர் மட்டும் இருக்கப்போகிற புத்தகம். தலைப்பு 'மேகம் கட்டுகிறவள்'. அட்டைப் படமும் அந்தக் கதைக்கு வரைந்ததுதான். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கிளாட்வின் கூப்பிட்டது புதன்கிழமை.

அவரிடம் மெய்ப்புப் பார்க்கிறவர் அதே கதையை 'மலையடிவாரக் கதைகள்' என்ற தொகுப்பில் பார்த்திருக்கிறார். கதை முடிந்த இடத்தில் சின்ன எழுத்தில் இப்படி இருந்ததாம்: சொன்னவர் சங்கையா, வயது 74, ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், ராஜபாளையம். சேகரித்தவர் நாச்சியார்.

"நாட்டார் கதைன்னா தப்பில்ல மேடம். 'நாட்டார் கதையின் மறுவடிவம்'னு கீழ ஒரு வரி போட்டுருவோம். இல்ல, உங்க கற்பனைதான்னா தொகுப்பாசிரியர்கிட்ட ஒரு கடிதம் வாங்கி ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்புங்க. ரெண்டும் முடியலைன்னா அந்தக் கதைய எடுத்துட்டு வேற தலைப்பு வைப்போம்" என்றார். குரலில் மரியாதை இருந்தது. பிடிபட்ட திருடிக்குக் கொடுக்கிற மரியாதை.

நாச்சியார் நான்தான். சங்கையா என் மாமனார்.

தொகுப்புகளால் எனக்கு வந்த வயிற்றெரிச்சல் இது முதல் தடவை இல்லை. முதல் தொகுப்பில், புருஷனைத் தின்னும் ராணியின் கதையைக் கொண்டுபோய்ச் சிறுவர் பகுதியில் போட்டார்கள். மாயம் வந்தாலே அது சிறுவருக்குத்தானாம். இரண்டாவதில் என் பறக்கும் எருமையின் சிறகை வெட்டிவிட்டார்கள். வெறும் எருமை ஊர் ஊராகப் போவதற்கு எட்டுப் பக்கம் எதற்கு என்று ஒருவர் விமர்சனம் எழுதினார், நியாயமான கேள்வி. அதற்கடுத்ததில் முன்னுரை எழுதிய பெரிய மனிதர், அடுப்படி வேலைகளுக்கு நடுவிலும் இப்பெண்மணி எழுதுகிறார் என்று பாராட்டியிருந்தார். எங்கள் வீட்டில் பாதி நாள் சமைப்பது என் கணவர். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். தொகுப்பு கல்யாணப் பந்தி மாதிரி, பக்கத்து இலையில் யார் உட்காருவார் என்று நாம் சொல்ல முடியாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த ஐந்து தொகுப்பாசிரியர்களும் கதை என்னுடையது என்பதையாவது ஒத்துக்கொண்டார்கள்.

ஆறாவது பாலகணேஷ் ஐயாவுடையது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவர், முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய்க் கதை பதிவு செய்கிறவர். அவருக்குக் கதை என்று ஒன்று இருந்தால் அதைச் சொன்னவர் ஒருவர் இருந்தாக வேண்டும். சொன்னவரின் வயது, தொழில், ஊர், அவர் யாரிடம் கேட்டார் என்பதெல்லாம் ஒரு படிவத்தில் நிரம்ப வேண்டும். 'மலையடிவாரக் கதைகள்' கொண்டுவரும்போது இந்தப் பக்கத்து எழுத்தாளர்களிடமும் கதை கேட்டார். நான் அனுப்பினேன். ஒரு நாள் போன் செய்து, "இத மொதல்ல யார்கிட்டம்மா கேட்டீங்க?" என்றார்.

"யார்கிட்டயும் கேக்கல ஐயா, நானா எழுதுனது. மொதல்ல எங்க மாமாவுக்குத்தான் வாசிச்சுக் காட்டினேன்" என்றேன்.

"ஓ, மாமா இருக்காங்களா? அவங்க நம்பர் குடுங்க" என்றார். கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாமாவுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. பேப்பர் கூடாது, டிவி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் பொழுது போகாமல் தவித்ததைப் பார்த்து, நான் எழுதுவதையெல்லாம் சாயங்காலங்களில் அவருக்கு வாசித்தேன். 'மேகம் கட்டுகிறவள்' அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய் நாலு தடவை வாசிக்கச் சொன்னார். அய்யனார் கோவில் மலைக்கு மேலே ஒரு பெண் மேகங்களைக் கன்றுக்குட்டிகளைப் போல முளையடித்துக் கட்டி வளர்க்கிறாள். மழை காணாத ஆலங்குளத்துப் பக்கத்து ஆட்கள் வந்து ஒரு மேகத்தை இரவல் கேட்கிறார்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் அதைச் சுண்ணாம்புக்கல் குழிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். அது அங்கேயே வெள்ளைக் கல்லாக இறுகிப்போகிறது. மிச்ச மேகங்களையாவது காப்பாற்ற அவள் ஒரு வலை நெய்கிறாள். இதில் ஒரு வரியைக்கூட எனக்கு யாரும் சொன்னதில்லை. மழை பொய்த்த ஒரு ஐப்பசியில், வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் வரும்போது, மலைமேல் அசையாமல் நின்ற ஒரு மேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கதையை அங்கே பிடித்தேன்.

தொகுப்பு தபாலில் வந்த அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். உறையைப் பிரித்தது மாமா. நான் வீடு திரும்புவதற்குள் தன் பெயர் அச்சான பக்கத்தைத் தெருவில் பாதிப் பேருக்குக் காட்டி முடித்திருந்தார். முப்பத்தாறு வருடம் போலீஸில் இருந்தவருடைய பெயர் அதற்கு முன் அச்சில் வந்தது ஓர் இடமாறுதல் உத்தரவில் மட்டும்தான். என் கணவர் பாண்டிச்செல்வம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "விடு நாச்சியா, வயசான மனுசன். எம்புட்டு சந்தோசமா இருக்காரு பாரு. சின்ன எழுத்துல கெடக்கத யாரு பாக்கப்போறா?" என்றார். நான் விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. பாலகணேஷ் ஐயாவுக்கு அன்றைக்கே போன் போட்டுச் சண்டை பிடித்திருக்க வேண்டும். மாமா முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு, இரண்டு வருடம் அந்தக் கோபத்தை விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். நான் பிறந்த ஊர்தான். அன்றைக்கு அம்மா வீட்டுப் பக்கம்கூடத் திரும்பவில்லை. பாலகணேஷ் ஐயா வீட்டு முன்னறையில் கோப்புகள் விட்டம் வரை அடுக்கியிருந்தன. என் கதைக்கும் ஒரு கோப்பு இருந்தது. வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கற்பனைன்னு நீங்க நினைக்கிறீங்கம்மா. சின்ன வயசுல எங்கயாவது காதுல விழுந்திருக்கும். உங்களுக்கே ஞாபகம் இருக்காது" என்றார்.

"எழுத எனக்கு நாலு மாசம் ஆச்சு ஐயா. காதுல விழுந்தத எழுத நாலு மாசம் எதுக்கு?"

அவர் கோப்பைப் புரட்டி ஓர் அடிக்குறிப்பைக் காட்டினார். "இந்த வலையப் பாருங்க. 'பத்தொன்பதுக்குப் பதினைந்து இழை'ன்னு வருது. இது இந்த மலையடிவாரத்து ஆதி வழிபாட்டு எண்ணும்மா. பத்தொன்பது நாள் விரதம், பதினஞ்சு நாள் பிறை. என் மாணவி ஒருத்தி இத வச்சு ஒரு கருத்தரங்குல கட்டுரையே வாசிச்சிருக்கா."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது பேண்டேஜ் துணியின் கணக்கு. ஓர் அங்குலத்துக்கு நெடுக்கே பாவு இழை பத்தொன்பது, குறுக்கே ஊடை இழை பதினைந்து. நான் தினமும் கண்ணாடி வைத்து எண்ணுகிற எண். சத்திரப்பட்டியில் தறி ஓட்டுகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தூக்கத்தில் சொல்வாள். பைக்குள் கிடந்த மாதிரித் துணியை எடுத்து அவர் மேஜையில் விரித்து, கண்ணாடியை மேலே வைத்து, "எண்ணிப் பாருங்க" என்றேன்.

மனிதர் உண்மையிலேயே குனிந்து எண்ணினார். நிமிர்ந்து, "ஆச்சரியமா இருக்கே. அந்த ஆதி எண் தறியிலயும் பிழைச்சு வந்திருக்கு பாருங்க" என்று சொல்லிக் கோப்பில் குறித்துக்கொண்டார். அந்தப் பேனாவைப் பிடுங்கி உடைக்கலாம் போல எனக்குக் கை பரபரத்தது.

"ஒரு பேண்டேஜ் கம்பெனிப் பொம்பள தன் மண்டையில இருந்து ஒரு கதைய உண்டாக்குவான்னு நம்ப உங்களுக்கு ஏன் ஐயா ஏலல?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் போனை எடுத்து ஒரு பதிவை ஓடவிட்டார். மாமாவின் குரல். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தெட்டு, தை மாசம். எங்க அய்யா கெணத்துமேட்டுல வச்சு எனக்குச் சொன்னாரு. அப்ப கூட எங்க சித்தப்பாவும் இருந்தாரு." வருடம், இடம், சாட்சி. ஆயுசு பூராவும் அடுத்தவர் வாக்குமூலத்தை எழுதிப் பழகிய மனிதர், பொய்யையும் முறையாகத்தான் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு கதை வந்தது. ஒவ்வொரு வாக்கியமும் என்னுடையது. வாசித்துக் காட்டும்போது நான் மூச்சு விட்ட இடத்தில்கூட அவர் மூச்சு விட்டார். ஐந்து நிமிடம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் நீர் முட்டியது, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"இது என்கிட்ட இருக்கிற ஆதாரம்மா. இத நான் எப்படி இல்லேங்கிறது? அவரு சொன்னது தப்புன்னு அவரே சொல்லட்டும், அந்த நிமிஷமே கடிதம் தர்றேன்" என்றார் பாலகணேஷ் ஐயா. வாசல் வரை வந்து, "ஞாயித்துக்கிழமை காலையில எங்க நாட்டார் கதை வட்டத்துல அவருக்குக் கதைசொல்லி விருது. நீங்களும் அவசியம் வரணும்" என்று அழைப்பிதழும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மாமா ஞாயிற்றுக்கிழமைக்கான வெள்ளைச் சட்டைக்குத் தேய்ப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தக் கதைய உங்க அய்யா சொன்னதா ஏன் மாமா சொன்னீங்க?"

அவர் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அந்த வாத்தியாரு விடல தாயி. யார்கிட்ட கேட்டீயன்னாரு. எம் மருமக எழுதுனதுன்னேன். அது இருக்கட்டும், அதுக்கு முன்னாலன்னாரு. திரும்பவும் கேட்டாரு. நாலாவது வாட்டி எங்க அய்யா பேரு வாயில வந்துருச்சு. நானும் ஸ்டேசன்ல அப்படித்தான் கேப்பேன். நாலாவது வாட்டி எவனும் ஒத்துக்கிடுவான்."

"சரி. இப்ப ஒரு வரி எழுதிக் குடுங்க. மருமக எழுதுனதுன்னு."

"ஞாயித்துக்கெழம முடியட்டும். மறுநா காலையில எழுதித் தாரேன்."

"மறுநா என் புத்தகம் அச்சுக்குப் போயிரும்."

"நம்ம வீட்டுக் கதைதான தாயி. உம் பேருல வந்தா என்ன, எம் பேருல வந்தா என்ன?"

"நம்ம வீட்டுக் கதை இல்ல மாமா, என் கதை. இந்த வீட்டுல எல்லாமே எல்லாருக்கும் பொது. எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான்" என்றேன். குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

பாண்டிச்செல்வம் உள்ளேயிருந்து வந்தார். "ஊருக்கு முன்னால மாலை வாங்கப்போற மனுசன பொய்யன்னு எழுதித் தரச் சொல்லுதியா? ஒரு கதைக்காகவா?"

"ஒரு கதைக்காகத்தான்" என்றேன். அதற்கப்புறம் மூன்று நாள் இருவரிடமும் பேசவில்லை. பாண்டிச்செல்வம் வைத்த குழம்பைத் தொடாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் கிளாட்வின், "கடிதம் கிடைத்ததா மேடம்? இல்லையென்றால் மறுவடிவம் என்று போட்டுவிடலாமா?" என்று செய்தி அனுப்பினார். 'சரி' என்று எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். என் கதைக்குக் கீழே மறுவடிவம் என்று நானே போட்டுக்கொண்டால், அப்புறம் நான் எழுதும் எதற்கும் நான் சொந்தக்காரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் ஒரே பஸ்ஸில் போனோம். மண்டபத்தில் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். மாமாவுக்குச் சால்வை போட்டார்கள், மாலை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்து என் கதையை முழுசாகச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிந்தது. கைதட்டல் அடங்கியதும் பாலகணேஷ் ஐயா போனைப் பதிவில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, "ஐயாகிட்ட இதுவரைக்கும் பதிவாகாத இன்னொரு கதை இருக்காம். அதையும் இப்ப சொல்லப்போறாங்க" என்றார்.

மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். உடனே பார்வையை மாற்றிக்கொண்டார். "ஒரு ஊர்ல ஒரு கொளம். அந்தக் கொளத்துல தண்ணிக்குப் பதிலா சத்தம் நெறைஞ்சு கெடந்துச்சு" என்று ஆரம்பித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் புத்தகத்தின் ஏழாவது கதை அது. எங்கும் வெளிவராதது. எழுந்துவிட்டேன். பாண்டிச்செல்வம் கையைப் பிடித்து இழுத்தார். நான் உட்கார்ந்தேன். அவர் இழுத்ததற்காக உட்காரவில்லை. மாமாவுக்கு அந்தக் கதை பாதிதான் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. அதை நான் எழுதிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தத் தொகுப்பு வந்தது. அன்றோடு அவருக்கு வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டேன்.

செத்துப்போன தாயின் குரலைத் தேடி ஒரு பெண் சத்தக் குளத்துக்குள் இறங்குகிறாள். மாமா அவளை ஒவ்வொரு படியாக இறக்கினார். கேட்டவர்களும் கூடவே இறங்கினார்கள். அடியாழத்தில் ஒரு பானை. "அந்தப் பானை மூடியில கை வச்சா" என்று சொல்லி நிறுத்தினார்.

தண்ணீர் குடித்தார். திரும்பவும், "மூடியில கை வச்சா" என்றார்.

"பொறவு என்ன ஆச்சு ஐயா?" என்று பாலகணேஷ் ஐயா மெதுவாகக் கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். நானும் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். எதையாவது சொல்லி முடித்திருக்கலாம். மூடியைத் திறந்தாள், அம்மா பேசினாள், சுபம் என்று சொல்லியிருந்தால் அவர்கள் கைதட்டியிருப்பார்கள். வருடமும் சாட்சியும் வைத்துப் பொய் சொன்ன மனிதருக்கு அந்தப் பானைக்குள் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை கட்டத் தெரியவில்லை.

"பொறவு தெரியாது" என்றார்.

"உங்க அய்யா அதோட நிறுத்திட்டாரா?"

"அய்யா சொல்லல." மைக்கில் அவர் மூச்சு இரைந்தது. "எம் மருமக வாசிச்சது. மீதிய அவ எனக்கு வாசிச்சுக் காட்டல. அந்த மேகத்துக் கதையும் அவ எழுதுனதுதான். யாரும் கட்டாயப்படுத்தாம நானாத்தான் சொல்லுதேன்."

யாரும் கைதட்டவில்லை. நான் மேடைக்குப் போனேன். மாமா பக்கம் திரும்பவில்லை, நேராக மேஜைக்குப் போனேன். "பதிவாயிருச்சா ஐயா?" என்றேன்.

பாலகணேஷ் ஐயா போனைப் பார்த்தார். "ஆயிருச்சும்மா."

"அப்ப கடிதம்."

விருதுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்த, வட்டத்தின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதினார். 'நாச்சியாரின் கற்பனையாக இருக்கலாம்' என்று எழுதியதை அடிக்கச் சொல்லி, 'நாச்சியாரின் சொந்தப் படைப்பு' என்று எழுதும் வரை அங்கேயே நின்றேன். படம் எடுத்துக் கிளாட்வினுக்கு அனுப்பினேன். "நன்றி மேடம், நாளைக்கு அச்சு" என்று பதில் வந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் பாண்டிச்செல்வம் முன்னால் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். மாமா என் பக்கத்தில் இருந்தார். மடியில் சால்வை. கேடயத்தை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பாதி வழி தாண்டியது. பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அந்தப் பானைக்குள்ள என்ன தாயி இருந்துச்சு?"

இரண்டு வருடமாக அந்த மூடியில் கை வைத்தபடியே இருந்திருக்கிறார் போல. சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

"புத்தகம் வரும் மாமா, அதுல படிங்க. எழுதுனது யாருன்னு அட்டையிலயே போட்டிருக்கும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.